இருபத்தாறரை அளவுக் கால்கள்

கஜீவனின் கால்கள் சராசரியானவை என்பது கண்டுபிடிக்கப்பட்டது ஜனவரி மாதத்து இரண்டாவது புதன்கிழமை.

நீளம் இருபத்தாறரை சென்ரிமீற்றர். அகலம் நூற்றொரு மில்லிமீற்றர். மேற்பாதம் உயரமும் இல்லை, தட்டையும் இல்லை. கால் அளந்த பெண் இரண்டு முறை அளந்தாள், கணினியைப் பார்த்தாள், மூன்றாம் முறையும் அளந்தாள். பிறகு கடை மேலாளர் மிரேயைக் கூப்பிட்டுக் காட்டினாள். மிரேயும் குனிந்து பார்த்தாள். நாற்பத்து மூன்று வயதில், தன் உடம்பின் ஒரு பகுதியை இரண்டு பேர் இவ்வளவு திருப்தியோடு பார்ப்பது கஜீவனுக்கு இதுதான் முதல் தடவை. சொக்ஸைத் திரும்பப் போடலாமா என்று கேட்டான்.

பிரெஞ்சு பேசுகிற நகரத்தில், அஹுன்ட்சிக் பக்கம் பனிச்சறுக்குச் சாமான்கள் விற்கிற பெரிய கடை அது. கஜீவனுக்கு நிலக்கீழ்க் களஞ்சியத்தில் வேலை. பெட்டிகளை இறக்குவான், அடுக்குவான், கேட்கும்போது மேலே அனுப்புவான். ஒன்பது வருடமாகக் கடையின் சப்பாத்துப் பெட்டிகள் எல்லாம் அவன் கைக்குள்ளால் போயிருந்தன. ஒரு சப்பாத்துக்குள்ளும் அவன் கால் போனதில்லை.

அடுத்த பருவத்துக்கு வரப்போகும் சப்பாத்துகளைப் பரிசோதித்து வருடாவருடம் கடை ஒரு வழிகாட்டி வெளியிடும். இந்த முறை 'ஆல்-மவுண்டன்' என்ற வகை. செப்பனிட்ட சரிவு, புதுப்பனி, மேடுபள்ளம் எல்லாவற்றுக்கும் ஒரே சப்பாத்து போதும் என்று சொல்லி விற்பது. எட்டுக் கம்பனிகள் எட்டுச் சோடி அனுப்பியிருந்தன, எல்லாம் ஒரே அளவு. மலையில் ஓட்டிப் பார்க்க இரண்டு கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். கடைக்குள்ளேயே போட்டுக்கொண்டு நின்று, கால் என்ன சொல்கிறது என்று பார்க்கத்தான் ஒரு சாதாரணக் கால் தேவைப்பட்டது. அளந்த முப்பத்தொரு பேரில் அது கஜீவனிடம் மட்டும் இருந்தது.

பரிசோதனையை நடத்திய பெண்ணின் பெயர் கயல். சென்னை குரோம்பேட்டைக்காரி. மனித உடம்பு எப்படி அசைகிறது என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கிழமையில் இரண்டு நாள் கடைக்கு வருவாள். தமிழில் கதைக்க ஒரு கால் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் முதல் நாளே குறைந்துவிட்டது.

குற்றம் கஜீவனின் கால்களில் இல்லை. அவனுக்குப் பிரெஞ்சில் மிக நன்றாக வந்த சொல் 'சா வா'. எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கும் அதே சொல், நன்றாக இருக்கிறேன் என்று பதில் சொல்வதற்கும் அதே சொல். கேட்டதையே திருப்பிக் கொடுத்தால் போதும் என்ற வசதி வேறெந்த மொழியிலும் அவனுக்குக் கிடைத்ததில்லை. ஒரு முறை களஞ்சியத்தில் பலகைத் தட்டு அவன் தோளில் விழுந்தபோது ஓடி வந்தவர்களுக்கு, அதற்குக் கீழே இருந்தபடியே 'சா வா' என்று சொல்லியிருக்கிறான். தமிழில் அதற்கு இணையாக அவனிடம் 'பரவாயில்லை' இருந்தது.

கயல் ஒழுங்காகத்தான் தொடங்கினாள். மெல்லிய சொக்ஸ் ஒன்றைக் கொடுத்தாள். சப்பாத்தின் உள்ளே இருந்த மெத்தென்ற உறையைக் கழற்றிவிட்டு, வெறும் பிளாஸ்ரிக் ஓட்டுக்குள் அவன் காலை விடச் சொன்னாள். விரல்கள் முன்னால் முட்டியபடி நிற்க, குதிக்காலுக்குப் பின்னால் எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்தாள். ஒன்றரை விரல். நல்லது. பிறகு உறையைப் போட்டு, பாதத்துக்கு அடியில் அழுத்தம் அளக்கிற மெல்லிய தகடும் கரைகளில் சின்னச் சின்ன உணரிகளும் வைத்து, ஓட்டை இறுக்கிப் பிடிக்கிற நாலு பக்கிளையும் பூட்டினாள். முழங்காலை முன்னால் தள்ளி இருபது முறை குனிந்து நிமிரச் சொன்னாள். அதன்பின் இருபது நிமிடம் நிற்க வேண்டும்.

"எப்படி இருக்கு அண்ணா?"

"நல்லாயிருக்கு."

"எங்கயாவது வலிக்குதா?"

"இல்லை."

படிவத்தில் பத்துக்குப் பத்துப் போட்டான். அடுத்த சோடிக்கும் பத்து. மூன்றாவது சோடி எல்லாவற்றிலும் ஒடுக்கமானது. அதற்கும் பத்து.

கயல் கணினியைத் திருப்பி அவனுக்குக் காட்டினாள். "அண்ணா, இங்க பாருங்க. உங்க சுண்டுவிரல் பக்கம் முழுக்க சிவப்பா இருக்கு."

கஜீவன் எட்டிப் பார்த்தான். "ஓம், சிவப்புத்தான்" என்று ஒப்புக்கொண்டான்.

"அப்போ வலிக்கணுமே?"

"பரவாயில்லை, தங்கச்சி."

சப்பாத்தைக் கழற்றியபோது விரல்கள் பீற்றூட் நிறத்தில் இருந்தன. கயல் அதைப் படம் பிடித்துக்கொண்டாள். அவள் முகம்தான் நொந்தவள் முகம்போல இருந்தது.

அன்றைக்கே மிரேய் ஆளை மாற்றச் சொன்னாள். இருபத்தாறரை அளவுக் கால் உள்ளவர்கள் கடையில் இன்னும் இரண்டு பேர். ஒருத்தருக்குக் கால் அகலம், மற்றவருக்குப் பெருவிரல் மூட்டு புடைத்திருந்தது. இருந்தாலும் உண்மை சொல்வார்களே என்றாள் மிரேய். கயல் ஒரு நாள் தவணை கேட்டாள்.

மறுநாள் கயல் களஞ்சியத்துக்கே இறங்கி வந்தாள். கஜீவன் ஒரு பெட்டியின் மேல் இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் எதிர்ப்பெட்டியில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, உங்க ஊர்ல வலிக்குதுன்னு சொல்லவே மாட்டீங்களா?"

"நாங்கள் நோகுது எண்டு சொல்லுவம்."

"சரி. நேத்து நொந்துச்சா?"

கஜீவன் நியாயமாக யோசித்தான். "நோகேல்லை. உளைஞ்சது."

"அப்படின்னா?"

"நெடுக நிண்டால் காலுக்குள்ளால ஒண்டு வருமே. அது."

"அது வலி இல்லையா?"

"இல்லைப் பிள்ளை. அது உளைவு."

கயல் குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். "வேற என்னெல்லாம் இருக்கு?"

அவன் சோற்றுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். விறைக்கும். கடுக்கும். குத்தும். நெரிக்கும். எரியும். உரஞ்சும். அண்டும். அண்டுறது எண்டால், படுற மாதிரியும் இருக்கும், படாத மாதிரியும் இருக்கும். ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து எப்படி வேறு என்று அவள் கேட்கக் கேட்க, அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனையையும் ஒரு ஆள் வைத்திருக்கலாம் என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

"இதுல எதெல்லாம் நேத்து இருந்துச்சு?"

"எல்லாம் இருந்தது" என்றான் கஜீவன். "நோ மட்டும் இல்லை."

கயல் அன்றே பிரெஞ்சுப் படிவத்தைத் தூக்கி வைத்துவிட்டுத் தமிழில் ஒரு படிவம் செய்தாள். எந்தக் கால், எந்த இடம், எத்தனையாவது நிமிடம், என்ன செய்கிறது. கடைசியில்தான் புள்ளி. 'நன்றாக இருக்கிறதா' என்ற கேள்வியே அதில் இல்லை.

அதற்குப் பிறகு கஜீவனை நிறுத்த முடியவில்லை. முதலாம் இலக்கச் சோடி, வலது கால், மேற்பாதம், நாலாவது நிமிடத்திலிருந்து நெரிக்கிறது. மேல் பக்கிளை ஒரு பல் தளர்த்தினால் நிற்கிறது, ஆனால் குதிக்கால் தூக்குகிறது. ஐந்து புள்ளி. நாலாம் இலக்கம், முன்னால் குனிந்தால் சப்பாத்து முதலில் பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென்று மடிகிறது. கதவென்று நினைத்துத் திரையைத் தள்ளினது மாதிரி. ஆறு. இரண்டாம் இலக்கத்தின் குதிக்கால் பிடிப்பைப் பற்றி அவன் சொன்னதைக் கயல் அப்படியே எழுதினாள்: "கலியாண வீட்டில ஒரு பெரியப்பா கையைப் பிடிச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரி. விடமாட்டார். ஆனால் நெரிக்கவும் மாட்டார்." ஒன்பது.

ஒவ்வொரு பதிலையும் கயல் கணினியின் நிறங்களோடு ஒப்பிட்டாள். ஒத்துப்போனது. சில இடத்தில் கணினி அவனுக்கு ஒரு நிமிடம் பின்னால் வந்தது. மிரேய் அவனை மாற்றுகிற கதையை விட்டுவிட்டாள்.

ஐந்தாம் இலக்கம்தான் வித்தியாசமாக இருந்தது. எட்டிலும் பெயர்போன கம்பனியின் சப்பாத்து அது. பெயர் தெரியாமல் கயல் நாடா ஒட்டி மறைத்திருந்தாள். போட்டதும் கஜீவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. குதிக்கால், விரல், கணுக்கால், கெண்டைக்கால், எல்லாம் பத்து. அவள் ஏமாற்றத்தோடு பத்தை எழுதப்போன நேரம் அவன் கையைத் தூக்கினான்.

"பொறுங்கோ. இடது கால். சின்ன விரலுக்குப் பின்னால, எலும்பு வெளியில நிக்கிற இடம். ஒரு கடலை வந்திட்டுது."

"கல்லா?"

"கடலை. அவிச்ச கடலை இல்லை, ஊறப்போட்ட கடலை."

பதினோராவது நிமிடம். வேறொரு நாள் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பதினோராவது நிமிடம்தான். மூன்றாம் நாளும் அப்படியே. கயல் ஓட்டுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். பக்கிளைப் பிடிக்கிற ஆணியின் தலை சரியாக அந்த இடத்தில், உள்பக்கம் ஒரு பொட்டு அளவு எழும்பியிருந்தது. உறையின் பஞ்சு சூடேறி அமர்வதற்குப் பத்து நிமிடம் பிடித்தது. அதன்பின் எலும்பும் ஆணியும் சந்தித்துக்கொண்டன. கஜீவன் நாலு புள்ளி போட்டான்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்ததை அவன் உடனே கவனிக்கவில்லை.

அவன் மனைவி துஷாந்தினி ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்தாள். பெப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை, கார்டியர்வில்லில் அவர்களுடைய வீட்டுக் குசினியில், அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து சட்டி எடுக்கக் குனிந்தவள் நிமிரும்போது மேசை விளிம்பைப் பிடித்தாள்.

"என்ன, நோகுதோ?" என்று கஜீவன் கேட்டான்.

"ஒண்டுமில்லை."

முன்பென்றால் கதை அங்கே முடிந்திருக்கும். இப்போது அவன் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். "நோவைக் கேக்கேல்லை. உளையுதோ, குத்துதோ? எந்தக் கால்?"

துஷாந்தினி அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன நடந்தது?"

"சும்மா சொல்லன்."

"இடது முழங்கால். குத்துது. எழும்பேக்கதான். அங்க கதிரையெல்லாம் மூண்டு வயசுப் பிள்ளையளின்ர கதிரை. நாள் முழுக்க அதில இருந்து எழும்பினால் பின்ன என்ன செய்யும்?"

"எவ்வளவு காலமா?"

"நாலு வருசம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அவன் கேட்டான். கழுத்தைப் பற்றிக் கேட்டான், முதுகைப் பற்றிக் கேட்டான். அவளும் சொல்லத் தொடங்கினாள். முதுகிலிருந்து வீட்டு மாடிப்படிக்கு வந்தாள், படியிலிருந்து மேல் வீட்டுக்காரரின் நாய்க்கு வந்தாள். தேத்தண்ணி இரண்டு முறை ஆறியது. மத்தியானம் ஆகும்போது அவள் சனிக்கிழமைக்கு வந்து சேர்ந்தாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்கள் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குப் போவார்கள். அங்கே துஷாந்தினியின் அண்ணன் ஸ்ரீதரனின் வீடு. ஸ்ரீதரன் நிலக்கீழ் அறையில் பாட்டுப் பெட்டி ஒன்று வைத்திருந்தார். இசை அதிலிருந்து வரும், பாட்டு அவரிடமிருந்து வரும். சாப்பாட்டுக்கு முன் இரண்டு மணித்தியாலம், பின் ஒரு மணித்தியாலம். ஒன்பது வருடமாக இப்படி. பனிப்புயல் நாட்களிலும் போயிருக்கிறார்கள்.

"சனிக்கிழமையில எங்க?" என்று கஜீவன் கேட்டான்.

"முழுச் சனிக்கிழமையும்" என்றாள் துஷாந்தினி. "கிழமை முழுக்கப் பிள்ளையளின்ர சத்தம். ஒரு நாள் பேசாமல் இருப்பம் எண்டால் அங்க அண்ணையின்ர சத்தம். உங்களுக்கு விருப்பம் எண்டுதான் நான் வாய் திறக்கேல்லை."

"எனக்கு விருப்பம் எண்டு ஆர் சொன்னது?"

"அவர் பாடேக்க நீங்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேக்கிறியளே!"

"அது கழுத்து உளைவு" என்றான் கஜீவன். "அந்த சோபாவில இருந்தால் இருபதாவது நிமிசத்தில தொடங்கும். நான் உன்ர அண்ணை எண்டபடியால் இருந்தனான்."

ஒன்பது வருடத்தில் எத்தனை சனிக்கிழமை என்று இருவருமே மனதுக்குள் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். விடையை ஒருவரும் வெளியில் சொல்லவில்லை. துஷாந்தினிதான் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அண்ணைக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டாள்.

தொலைபேசியில் அவளே சொன்னாள். இனி மாதத்துக்கு ஒரு தடவை வருகிறோம் அண்ணை, கிழமைக்குக் கிழமை உடம்பு ஏலாது. ஸ்ரீதரன் சத்தம் போடவில்லை. "சரி, உங்கட வசதி" என்று மட்டும் சொன்னார். அதன்பின் மூன்று கிழமைக்கு அவர் பக்கமிருந்து ஒரு செய்தியும் இல்லை. வழக்கமாகக் காலையில் அனுப்புகிற சாமிப் படம்கூட வரவில்லை.

நான்காவது கிழமை அவர் மனைவி வித்தியாவிடமிருந்து அழைப்பு வந்தது. மெதுவான குரலில் கதைத்தாள்.

"துஷா, நீங்கள் வாறியள் எண்டு நான் ஒன்பது வருசமா வெள்ளிக்கிழமை பின்னேரமே சமைக்கத் தொடங்குவன். போன சனி பத்து மணி மட்டும் நித்திரை கொண்டனான். அதைச் சொல்லத்தான் எடுத்தனான். உம்மட அண்ணைக்குச் சொல்லிப்போடாதையும்."

"அண்ணை என்ன செய்யிறார், மச்சாள்?"

"கீழ இருந்து பாடுறார். நான் மேல இருக்கிறன். ஆனால் முந்தின மாதிரி இல்லை, துஷா. ரெண்டு பாட்டோட மேல வந்திடுறார்."

ஆக, அந்த ஒன்பது வருடத்துச் சனிக்கிழமைகளில் உண்மையாகச் சந்தோஷமாக இருந்தவர் ஸ்ரீதரன் ஒருவர்தான். இதைக் கேட்டபோது கஜீவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. உளைவா கடுப்பா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. அவன் அவருக்குத் தானே ஒரு சாமிப் படம் அனுப்பினான். இரண்டு நாள் கழித்துப் பதிலுக்கு ஒன்று வந்தது.

மார்ச் மாதம் இரண்டு கெட்டிக்காரர்களும் லோரன்ஷியன் மலைக்குப் போய் எட்டுச் சோடியையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஐந்தாம் இலக்கத்துக்கு இருவரும் ஒன்பதரை போட்டார்கள். காலின் எண்ணம் அப்படியே சறுக்குப் பலகைக்குப் போகிறது, திருப்பத்தில் ஒரு நூல் பிசகவில்லை என்று எழுதினார்கள். ஒரே சப்பாத்துக்கு மலையில் ஒன்பதரை, கடைக்குள் நாலு. மிரேய் வழக்கப்படி முடிவுகளைக் கம்பனிகளுக்கு அனுப்பினாள். ஏப்ரலில் ஐந்தாம் இலக்கக் கம்பனியின் பிரதிநிதி நேரில் வந்தார்.

அவர் பெயர் லாவுவா. உயரமான, மரியாதையான மனிதர். மிரேயும் கயலும் கஜீவனும் காத்திருந்த மேல்மாடிக் கூட்ட அறைக்கு அவர் ஐந்தாம் இலக்கச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே வந்தார். வாசலிலேயே குனிந்து நாலு பக்கிளையும் எல்லாருக்கும் கேட்கும்படி பூட்டினார். மிரேய் கதிரை காட்டினாள்.

"இந்தச் சப்பாத்துக்குக் கதிரை தேவையில்லை, மதாம்" என்றார் லாவுவா.

கஜீவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து மணி நாலு நிமிடம்.

லாவுவா நின்றபடியே பேசினார். இந்தச் சப்பாத்தை வடிவமைக்க மூன்று வருடம் எடுத்ததென்றார். உலகம் முழுக்கப் போட்டுப் பார்த்த ஒருவரும் இப்படி ஒரு குறை சொல்லவில்லை என்றார். "இந்த ஐயாவின் கால் கொஞ்சம் விசேஷமானதாக இருக்கலாம்" என்றார்.

"அவர் காலில் ஒரு விசேஷமும் இல்லை" என்று கயல் பிரெஞ்சில் சொன்னாள். "அதனால்தான் அவரை எடுத்தோம்."

பத்து மணி ஒன்பது நிமிடம். மலையில் ஓட்டியவர்கள் ஒன்பதரை போட்டிருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று லாவுவா கேட்டார். கயல் அதற்கும் விடை வைத்திருந்தாள். அந்த இருவரையும் அவள் விசாரித்திருந்தாள். ஒரு இறக்கம் நாலு நிமிடம். கீழே வந்ததும் மேலே போகிற தூக்கு நாற்காலியில் உட்கார்ந்து பக்கிள்களைத் திறந்துவிடுவார்கள். அவர்கள் இருவரும் ஐந்தாம் இலக்கத்தைப் பூட்டியபடி ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றதே இல்லை. கடைக்கு வருகிறவர்கள் அப்படியல்ல. பிள்ளையைப் பயிற்சி வகுப்பில் விட்டுவிட்டு, பூட்டின சப்பாத்தோடு அரை மணித்தியாலம் வரிசையில் நிற்பார்கள்.

"ஓட்டும்போது மிக நல்ல சப்பாத்து" என்றாள் கயல். "நிற்கும்போதுதான் பிரச்சினை."

லாவுவா ஒரு கையை மேசையில் வைத்தார். மிரேய் கஜீவனைப் பார்த்து, கொஞ்சம் தயக்கத்தோடு, இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமா, ஒரு ஏழு என்றாலும் வராதா என்று கேட்டாள். அவள் நல்லவள். பெரிய கம்பனியோடு கொழுவ விருப்பமில்லை, அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு முன் என்றால் கஜீவன் பத்தே போட்டிருப்பான். 'சா வா' நாக்கின் நுனிவரை வந்தும் விட்டது. அந்த நேரம் கடிகாரம் பத்து மணி பதினைந்து நிமிடம் காட்டியது, லாவுவா தன் பாரத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றினார்.

"வந்திட்டுதோ?" என்று கஜீவன் தமிழில் கேட்டுவிட்டான்.

லாவுவா கயலைப் பார்த்தார். கயல் மொழிபெயர்த்தாள். "வந்துவிட்டதா என்று கேட்கிறார்."

"என்ன வந்துவிட்டதா?"

"கடலை."

லாவுவா தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் கஜீவனுக்கு மிகவும் பழக்கமான ஒரு பொறுமை இருந்தது. "சா வா" என்றார் லாவுவா. சொல்லிவிட்டு இன்னும் ஒரு நிமிடம் கம்பனியின் புதிய தொழிற்சாலையைப் பற்றிப் பேசினார். பிறகு பேச்சை நிறுத்தாமலே குனிந்து, இடது காலின் இரண்டாவது பக்கிளைத் திறந்தார். டக் என்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள்.

கஜீவனுக்கு அந்த மனிதரில் இரக்கம் வந்தது. எழுந்து போய் அவர் காலடியில் குந்தினான். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், இரண்டாவதைத் தளர்வாக விடு, மூன்றாவதை ஒரு பல் இறுக்கு, கடலை போகாது, ஆனால் கொஞ்சம் நகரும் என்று சொல்லிக் கொடுத்தான். லாவுவா கதிரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சப்பாத்தைக் கழற்றியே விட்டார். கண்காட்சிகளில் நாள் முழுக்க இதன் மாதிரிச் சோடியைத்தான் போட்டுக்கொண்டு நிற்பதாகவும், தனக்கு வயதாகிறது என்று நினைத்திருந்ததாகவும் சொன்னார்.

"எத்தனை வருசமா?" என்று கஜீவன் கேட்டான்.

"இரண்டு" என்றார் லாவுவா.

செப்டெம்பரில் வழிகாட்டி வெளிவந்தது. ஐந்தாம் இலக்கத்துக்கு ஓட்டத்தில் ஒன்பதரையும் பொருத்தத்தில் நாலும் போட்டிருந்தது. பக்கத்திலேயே கஜீவனின் வரி பிரெஞ்சில் இருந்தது: பதினோராவது நிமிடத்தில் ஒரு கடலை வருகிறது. எழுதியவரின் பெயர் போடவில்லை. 'சராசரிக் கால்' என்று மட்டும் இருந்தது. வாடிக்கையாளர்கள் கடைக்கு வந்து கடலைச் சப்பாத்து எது என்று கேட்டார்கள். பார்த்தார்கள், போட்டார்கள், வாங்கவும் செய்தார்கள். மிரேய் பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. வாங்கியவர்களில் பலர் இரண்டு கிழமையில் திரும்பி வந்து, அந்த இடத்தில் பிளாஸ்ரிக் ஓட்டைச் சூடாக்கி வெளியே தள்ளிவிடச் சொன்னார்கள். அது பத்து நிமிட வேலை. அந்த வேலைக்கென்று கஜீவனைக் களஞ்சியத்திலிருந்து மேலே எடுத்தார்கள். உளைவுக்குக் கயல் கடைசிவரை ஒரு பிரெஞ்சுச் சொல் கண்டுபிடிக்கவில்லை. வழிகாட்டியில் அந்த இடங்களில் ஒரு சின்ன வசனமே எழுத வேண்டியிருந்தது.

நவம்பரில் துஷாந்தினி தானும் பனிச்சறுக்கப் போகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, சனிக்கிழமை சும்மா கிடக்குது என்றாள். முழங்காலைக் காட்டி வைத்தியரிடம் கேட்டாயிற்று. சின்னச் சரிவென்றால் சறுக்கலாம், சின்னக் கதிரையில்தான் இருக்கக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். கார்டெரியில் இப்போது அவளுக்கென்று ஒரு பெரிய கதிரை வாங்கிப் போட்டிருந்தார்கள். நாலு வருடம் ஏன் கேட்கவில்லை என்று அங்கேயும் கேட்டார்களாம்.

கஜீவன் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, கால் அளக்கிற நீள வாங்கில் இருத்தினான். அவள் கால்கள் சராசரியாக இல்லை. நீளம் இருபத்துமூன்றரை, மேற்பாதம் உயரம், குதி ஒடுக்கம், வலது கால் இடதைவிட நாலு மில்லிமீற்றர் பெரிது. திருமணமாகிப் பதினான்கு வருடம். அவனுக்கு இது ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"நீங்கள் விக்கிற எல்லாச் சப்பாத்தும் நெரிக்கும்போல" என்றாள் அவள்.

"எங்க நெரிக்குது எண்டு சொல்லு. நான் வேற எடுத்துக்கொண்டு வாறன்."

அவள் சொன்னாள். ஒன்றில் மேற்பாதம், ஒன்றில் கணுக்கால், ஒன்றில் நிறம். ஏழு சோடி போட்டுக் கழற்றினார்கள். பக்கத்து வாங்கில் இரண்டு குடும்பம் வந்து, வாங்கி, போயும்விட்டது. எட்டாவது சோடியோடு அவள் எழுந்து நின்று, முழங்காலை முன்னால் தள்ளிக் குனிந்தாள், நிமிர்ந்தாள், கடைக்குள் இரண்டு சுற்று நடந்தாள். பெரிய சத்தத்தோடுதான் நடந்தாள், அந்தச் சப்பாத்தில் வேறு மாதிரி நடக்க முடியாது. அவன் வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் கழித்து அவள் வந்து, "ஒண்டும் செய்யேல்லை" என்றாள்.

"மெய்யாவோ?"

"மெய்யா. ஒண்டும் செய்யேல்லை."

டிசெம்பர் கடைசிச் சனிக்கிழமை, நகரத்துப் பூங்கா ஒன்றில், பழகுகிறவர்களுக்கென்று விட்டிருக்கிற சின்னச் சரிவுக்குப் போனார்கள். உயரம் மூன்று மாடிக் கட்டிடம் அளவு. மேலே போக நகரும் பட்டி ஒன்று இருந்தது. கஜீவன் போட்டிருந்தது இரண்டாம் இலக்கம், கடை கொடுத்த சோடி. அதன் ஒவ்வொரு அங்குலமும் அவனுக்குத் தெரியும். முதல் இறக்கத்தில் நாலு தடவை விழுந்தான். இரண்டாவதில் சரிவின் பாதியில், ஒரு மரத்தை நோக்கிப் போய், அதற்கு முன்பாகவே உட்கார்ந்துவிட்டான். சப்பாத்தில் ஒரு குறையும் இல்லை.

துஷாந்தினி அவனைக் கடந்து போனாள். பலகைகளை ஆப்பு மாதிரிக் குறுக்கி வைத்துக்கொண்டு, கைகள் இரண்டையும் தட்டு ஏந்துவதுபோல முன்னால் நீட்டி, மெதுவாக, நேராக, ஒரு வார்த்தை பேசாமல் போனாள். கீழே போய் நின்றதும் திரும்பிப் பார்த்தாள். அவன் எழுந்திருக்கக் கொஞ்ச நேரமாகும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"நீங்கள் இருங்கோ, நான் இன்னொருக்கா மேல போட்டு வாறன்" என்று கத்திச் சொல்லிவிட்டு, அவள் நகரும் பட்டியை நோக்கிப் போனாள்.